மறுதாம்புக் காடும் வில்லோக் கூடையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையுதிர் காலம் முடிந்ததும் இங்கிலாந்தின் பழைய காடுகளில் தன்னார்வலர்கள் கைரம்பமும் அரிவாளுமாகக் கூடிவிடுகிறார்கள். ஹேசல் என்ற சிறு மரங்களை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிடும் வேலை. நம் ஊரில் கரும்புக்கும் தைலமரத்துக்கும் மறுதாம்பு விடுகிறோமே, அதேதான். சஃபோக் பகுதியின் பிராட்ஃபீல்ட் காட்டில் இது 1252 முதலே நடந்துவருகிறது.

புதிதாக வருபவர்களிடம் முதலில் தலைகாட்டும் தவறு இரக்கம். மரம் பாவம் என்று முழங்கால் உயரத்தில் வெட்டுவார்கள். அங்கிருந்து கிளம்பும் போத்துகளுக்குப் பிடிமானம் போதாது, காற்றில் பிய்ந்துவிடும். தரையை ஒட்டி, மழைநீர் வழிந்தோடும்படி வெளிப்புறம் சாய்வாக வெட்ட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டுவதும் வீண். பக்கத்து மரத்தின் நிழலில் துளிர் நோஞ்சானாகிவிடும். ஒரு பகுதியை மொத்தமாகத் திறந்துவிட்டால்தான் வெயில் தரையைத் தொடும், புளூபெல்லும் பிரிம்ரோஸும் பூக்கும். மார்ச்சில் பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு வெட்டுவதில் இல்லை, வெட்டிய கையோடு வீடு திரும்புவதில் இருக்கிறது. வசந்தத்தில் வரும் இளந்துளிர் மான்களுக்கு விருந்து. சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காடெங்கும் பெருகிவிட்ட முண்ட்ஜாக் என்ற குட்டை மான் சிறு இடைவெளியிலும் நுழைந்துவிடும். துளிரைத் திரும்பத் திரும்பக் கடித்தால் நூற்றாண்டுகள் கண்ட கட்டையும் பட்டுப்போகும். கழித்த சுள்ளிகளை அன்றே கட்டையைச் சுற்றி நெருக்கமாக அடைக்க வேண்டும். மான்கள் அதிகமென்றால் வேலியே போட வேண்டும்.

வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளால் கூடை முடைபவர்களின் அவசரம் வேறு வகை. சாமர்செட்டின் தாழ்நிலங்களில் இதற்கென்றே வளர்க்கும் வளார்களை வெட்டிய பச்சையிலேயே பின்னினால், காயும்போது சுருங்கிக் கூடை தொளதொளத்துவிடும். முதலில் காயவைத்து, பிறகு ஊறவைக்க வேண்டும். பட்டை உரித்த வெள்ளை வளாருக்கு ஓரிரு மணி நேரம் போதும். பட்டையோடு இருந்தால் அடிக்கு ஒரு நாள் என்பது பழைய கணக்கு. ஆறடி வளார் ஏறக்குறைய ஆறு நாள் தண்ணீரில் கிடக்க வேண்டும். அதனால் நீளவாரியாகப் பிரிக்காமல் ஒரே தொட்டியில் போடக் கூடாது: நெடியது ஊறுவதற்குள் குட்டையானதன் பட்டை கொழகொழவென்று கழன்றுவரும். எடுத்ததும் ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றிவைத்தால் இன்னும் பதமாகும். அடிப்பக்கத்தை வளைத்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் மறுபடி தொட்டிக்கு. அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊறவையுங்கள், மீந்ததை மறுபடி நனைத்தால் பட்டை கெட்டுவிடும்.

குறுக்கே பின்னும் வளார், கூடையின் சட்டமாக நெட்டுக்கு நிற்கும் குச்சியைவிட மெல்லியதாக இருக்கட்டும். தடித்திருந்தால் அது குச்சிகளைத் தன் போக்குக்கு இழுத்துக் கூடையைக் கோணலாக்கும். அப்போது அவிழ்த்துத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.