மறைமுக ஏலத்திலிருந்து தொடங்குங்கள்: ரகசியம் காக்கும் பிளாக்செயினுக்கு முதல் நிரல்

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மணிலா (நிலக்கடலை) மூட்டை ஏற்றிப் போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மறைமுக ஏலத்தை விளக்க வேண்டியதில்லை. வியாபாரி குவியலில் ஒரு பிடி அள்ளுவார், உடைத்துப் பார்ப்பார், விலையைச் சீட்டில் எழுதிப் போட்டுவிடுவார். பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. இதையே எத்தீரியம் போன்ற பொது பிளாக்செயினில், அதாவது எல்லாரும் படிக்கக்கூடிய பகிர்ந்த கணக்கேட்டில், அப்படியே எழுதினால் எல்லா விலையும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கடைசி நிமிடம்வரை காத்திருந்து, முன்னவரைவிடப் பத்து ரூபாய் மட்டும் கூட்டிப் போடுவார்கள். நஷ்டம் விவசாயிக்கு.

மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் மாணவர்களுக்கு இதைத்தான் முதல் பயிற்சியாகக் கொடுக்கிறேன். இந்த ரகசியத்தைக் காக்க உதவுவது ‘ஜீரோ நாலெட்ஜ் சான்று’. அந்தப் பெயரைக் கேட்டதும் கணிதப் புத்தகத்தைத் தேடி ஓடுகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விலையைக் காட்டாமலே ‘என் விலை குறைந்தபட்ச விலைக்குக் கீழே இல்லை’ என்று நிரூபிப்பதுதான் அந்தச் சான்றின் வேலை. தொடங்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: தாளில் இரண்டு பத்தி

கணினியைத் திறக்காதீர்கள். தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் மறைக்க வேண்டியவை, வலப்பக்கம் எல்லாரும் பார்க்க வேண்டியவை. விலை இடப்பக்கம், குறைந்தபட்ச விலை வலப்பக்கம். பின்னால் வரும் பிழைகளில் பாதி இந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

படி 2: விலைக்குப் பூட்டு

விலையைப் பிறகு மாற்றிச் சொல்ல முடியாதபடி அதன் ஹாஷை வெளியிட வேண்டும். ஹாஷ் என்பது விலையிலிருந்து கணக்கிடும் ஒரு கைரேகை எண்; அதிலிருந்து விலையைத் திரும்ப எடுக்க முடியாது. வெறும் விலையை ஹாஷ் செய்தால் போதுமா? போதாது. மூட்டை விலை 5,000க்கும் 10,000க்கும் இடையில்தான் இருக்கும் என்பது சந்தையில் எல்லாருக்கும் தெரியும். ஐயாயிரம் எண்களையும் ஒவ்வொன்றாக ஹாஷ் செய்து ஒப்பிடக் கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். அதனால் விலையோடு ஒரு பெரிய தற்செயல் எண்ணையும் சேர்த்து ஹாஷ் செய்யுங்கள். இதற்கு ‘சால்ட்’ என்று பெயர். இதுவும் இடப்பக்கத்துக்குப் போகும், ஹாஷ் வலப்பக்கத்துக்கு.

படி 3: நிரல்

ஆஸ்டெக் குழு உருவாக்கிய ‘நுவார்’ மொழியைப் பரிந்துரைக்கிறேன். ரஸ்ட் மொழியின் சாயல் கொண்டது. ‘நுவார்அப்’ மூலம் ‘நார்கோ’ கருவியை நிறுவி, ‘நார்கோ நியூ’ கட்டளையால் புதிய திட்டத்தை உருவாக்குங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் லினக்ஸைத் திறந்து செய்வது நல்லது.

முதன்மைச் செயல்பாட்டுக்கு விலை, சால்ட், குறைந்தபட்ச விலை, ஹாஷ் என நான்கு உள்ளீடுகள். நுவாரில் எதுவும் குறிக்காவிட்டால் உள்ளீடு ரகசியமாகவே இருக்கும். பொதுவாக்க ‘பப்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். உள்ளே இரண்டே ‘அசர்ட்’ (நிபந்தனையைச் சரிபார்க்கும்) வரிகள்: விலை குறைந்தபட்சத்துக்குக் குறையவில்லை, விலையும் சால்ட்டும் சேர்ந்த பெடர்சன் ஹாஷ் (ஹாஷ் முறைகளில் ஒன்று), கொடுத்த ஹாஷோடு பொருந்துகிறது. இரண்டு விலைகளையும் நுவாரின் அடிப்படை எண் வகையான ‘ஃபீல்ட்’ வகையில் வைக்காதீர்கள், அதில் பெரிது சிறிது நேரடியாக ஒப்பிட முடியாது. ‘யூ32’ (32 பிட் முழு எண்) வகையில் வைத்து, ஹாஷுக்குள் அனுப்பும்போது மட்டும் ‘ஃபீல்ட்’ ஆக மாற்றுங்கள்.

இந்த இடத்தில் ஒரு மாணவி, “சார், சரியாக ஓடிவிட்டது” என்று மகிழ்ச்சியோடு திரையைக் காட்டினார். குறைந்தபட்ச விலை 6,000 என்று வைத்திருந்தோம். அவர் போட்ட விலை 40 ரூபாய். சான்று சரியென்றே வந்தது! குறைந்தபட்ச விலைக்கு முன்னால் ‘பப்’ விட்டுப்போயிருந்தது. அதுவும் ரகசியமாகிவிட்டதால், சான்று தருபவரே அதை 1 என்று நிரப்பிக்கொள்ள முடிந்தது. எதையும் மறைக்கத் தவறவில்லை. திறந்து வைக்க வேண்டியதை மறைத்ததுதான் ஓட்டை. படி 1இன் தாளை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

‘நார்கோ செக்’ கொடுத்தால் உள்ளீடுகளை நிரப்ப ஒரு கோப்பு வரும். ஹாஷின் மதிப்புக்கு எங்கே போவது என்று பலரும் திகைப்பார்கள். அதே ஹாஷைக் கணக்கிட்டு அச்சிடும் சிறு சோதனைச் செயல்பாடு ஒன்றை எழுதி, அதன் விடையை நிரப்புங்கள். பிறகு ‘நார்கோ எக்ஸிக்யூட்’. அடுத்து, ‘பாரட்டன்பெர்க்’ கருவியால் சான்றை உருவாக்கிச் சரிபாருங்கள். சாதாரண மடிக்கணினி போதும். இத்தகைய சான்றுகளைப் பயன்படுத்தும் ‘ஸீகேஷ்’ என்ற மெய்நிகர் நாணயம் 2016இல் தொடங்கியபோது ஒரு ரகசியப் பரிவர்த்தனைக்கு 3 ஜிபிக்கு மேல் நினைவகம் வேண்டியிருந்தது. 2018இல் வந்த ‘சாப்லிங்’ மேம்பாடு அதைச் சுமார் 40 எம்பிக்கு இறக்கியது.

விலையை வேண்டுமென்றே குறைத்தும், சால்ட்டில் ஓர் இலக்கத்தை மாற்றியும் ஓட்டுங்கள். இரண்டிலும் தோற்க வேண்டும்.

படி 5: இப்போது பிளாக்செயின்

சான்றைச் சரிபார்க்கும் ஒப்பந்தத்தை (பிளாக்செயினில் இயங்கும் நிரலை) எத்தீரியத்துக்கான சாலிடிட்டி மொழியில் பாரட்டன்பெர்க்கே எழுதித் தரும். அதைச் சோதனை நெட்வொர்க்கில் ஏற்றுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: விலை மறைந்தாலும், எந்தப் பிளாக்செயின் கணக்கின் முகவரி எந்த நேரத்தில் ஏலம் போட்டது என்பது வெளியே தெரியும்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. உங்கள் ஹாஷையும் சான்றையும் வேறொருவர் அப்படியே நகலெடுத்துத் தன் பெயரில் போடலாம். ஏலம் முடிந்து நீங்கள் விலையையும் சால்ட்டையும் திறந்து காட்டியதும், அவற்றையே அவரும் காட்டுவார். தடுக்க, வியாபாரியின் முகவரியை ஐந்தாவது உள்ளீடாக்கி ஹாஷுக்குள் சேருங்கள். அந்த முகவரியும் ஏலம் அனுப்பியவரின் முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பந்தம் பார்க்கட்டும். முகவரிக்கு முன்னால் ‘பப்’ போட்டீர்களா?