இத்தாலியில் கார் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் பிறந்ததும் என் கைபேசிக்குக் கடிதங்களின் படங்கள் வரத் தொடங்கிவிடும். கோடை விடுமுறையில் இத்தாலிக்கு வந்து, கார் எடுத்துச் சுற்றிவிட்டு, ஊர் திரும்பி எல்லாவற்றையும் மறந்துபோனவர்களின் வீட்டுக்கு இங்குள்ள நகராட்சிக் காவல்துறை அனுப்பிய அபராத நோட்டீஸ்கள் அவை. “அண்ணா, இது உண்மையா, மோசடியா?” என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் உண்மைதான். பொலோனியாவில் குடியேறிய புதிதில் நானும் என் நண்பர்களும் எவற்றுக்குத் தண்டம் அழுதோமோ, அவற்றுக்கே இன்று புதிதாக வருகிறவர்களும் அழுகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வலப்பக்கம் ஓட்ட வேண்டும், சீட் பெல்ட் போட வேண்டும், குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சர்வதேச அனுமதி இல்லாமல் வருவது

இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்று வர வேண்டும். ஓராண்டு செல்லும். வாடகைக் கார் கவுன்டரில் அதைக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதை வைத்து, தேவையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சாலையில் நிறுத்தும் காவலர் கேட்பார். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேட்கும். அசல் உரிமம் இல்லாமல் அந்த அனுமதிப் புத்தகம் மட்டும் இருந்தால் பயனில்லை. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

சுங்கச்சாவடியில் வரிசை மாறிப் போவது

இத்தாலியில் பச்சைப் பலகை என்றால் அவுத்தோஸ்த்ராதா, அதாவது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் நெடுஞ்சாலை. நீலப் பலகை மற்ற சாலைகளுக்கு. பெரும்பாலான கட்டணச் சாலைகளில் நுழையும் இடத்தில் இயந்திரத்திடம் சீட்டு வாங்கிக்கொண்டு, வெளியேறும் இடத்தில் அதைக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்தால், அந்தச் சாலையின் மிகத் தொலைவான நுழைவிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டு வாங்கிவிடுவார்கள். வாங்கிய கையோடு ஓட்டுநருக்கு எதிரே உள்ள சூரியத் தடுப்பில் செருகி வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

வெளியேறும் இடத்தில்தான் சிக்கல். வெள்ளைப் பலகை உள்ள வரிசையில் ரொக்கம் வாங்குவார்கள். நீலப் பலகை வரிசை கார்டுக்கு. மஞ்சள் பலகையில் ‘டெலிபாஸ்’ என்று இருந்தால், கட்டணத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும் அந்தக் கருவியைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பவர்களுக்கு மட்டும். பின்னால் வண்டிகள் நெருக்க, பதற்றத்தில் மஞ்சள் வரிசைக்குள் போய்விடுகிறவர்கள் அதிகம். போய்விட்டால் அடுத்து செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: பின்னோக்கி எடுக்காதீர்கள். அது கடும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. அங்கேயே நின்று உதவிப் பொத்தானை அழுத்துங்கள். கட்டணம் செலுத்தவில்லை என்று ஒரு சீட்டு வரும், தடுப்பு திறக்கும். 15 நாள்களுக்குள் இணையத்தில் கட்டிவிட்டால் முடிந்தது. இவ்வளவு எளிதான தீர்வு இருக்க, நடுவரிசையில் ஒருவர் காரைப் பின்னால் நகர்த்துவதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

சுவிட்சர்லாந்திலிருந்து வரும் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கியாசோ எல்லையைத் தாண்டி ஏ9 சாலையில் மிலான் நோக்கி வரும்போது, பெர்காமோ பக்கம் போக வேண்டும் என்று ஏ36 சாலையில் திரும்பினால் அங்கே சாவடியே இருக்காது, தடுப்பும் இருக்காது. மேலே உள்ள கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும். இலவசச் சாலை என்று நினைத்து ஓட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்கும் 15 நாள்களுக்குள் நாமாகவே இணையத்தில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிறு தொகை, கூடுதல் கட்டணத்தோடு வீட்டுக்கு வரும். உங்கள் நாட்டில் ஆண்டுக்கு ஒரு முறை வின்யெட் என்ற நெடுஞ்சாலைக் கட்டண வில்லை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. ஓடும் தூரத்துக்குத்தான் கணக்கு.

இசட்.டி.எல். வளையத்துக்குள் நுழைவது

மேலே சொன்னவை எல்லாம் சில்லறைச் செலவு. எனக்கு வரும் நோட்டீஸ் படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே குற்றத்துக்கானவை. எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் மீண்டும் நடப்பதால் எனக்கு ஆற்றாமை அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபிளாரன்ஸ், ரோம், பைசா, சியன்னா, பொலோனியா என்று நீங்கள் பார்க்க விரும்பும் பழைய நகரங்கள் அனைத்திலும் நடுப்பகுதி வண்டிகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அதைத்தான் சுருக்கமாக இசட்.டி.எல். என்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள், பதிவு செய்த வண்டிகள், டாக்சி, பஸ் ஆகியவற்றைத் தவிர யாரும் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக் கூடாது. பெரும்பாலான இடங்களில் தடுப்புக் கம்பி இருக்காது, காவலர் நிற்க மாட்டார். தெருமுனையில் பலகை, அதற்கு மேலே கேமரா. கடக்கும் நொடியில் எண் பலகை படமாகிவிடும். உள்ளே இருக்கும் உங்களுக்கு எதுவுமே தெரியாது.

அந்தப் பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு விளிம்பு. கீழே நேரம். நேரத்தின் பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் வரைந்திருந்தால் வேலை நாள்கள் என்று பொருள். சனிக்கிழமையும் அதில் அடக்கம். சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் பொது விடுமுறைகளும். சனிக்கிழமை விடுமுறைதானே என்று சுத்தியல் பலகையைத் தாண்டிப் போய் மாட்டியவர்கள் பலர். பல நகரங்களில் மின்னணுப் பலகை ஒன்றும் எரியும். அதில் ‘வார்கோ அத்தீவோ’ என்று இருந்தால் கேமரா வாயில் இயங்குகிறது, நுழையாதே என்று அர்த்தம். ‘வார்கோ நோன் அத்தீவோ’ என்றால் அந்த நேரம் போகலாம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வழி திறந்திருக்கிறது என்று நினைத்து நிதானமாக உள்ளே போகிறார்கள்.

நேரமும் நகரத்துக்கு நகரம் மாறும். ரோமின் மையப் பகுதியில் பகல் தடை முடிந்துவிட்டது என்று நம்பி வெள்ளி, சனி இரவு உணவுக்குக் காரில் போனால், நள்ளிரவை ஒட்டி மறுபடியும் தடை தொடங்கியிருக்கும். ஃபிளாரன்ஸில் கோடைகாலத்தில் வியாழன் முதல் சனி வரை இரவிலும் தடை உண்டு. போன ஆண்டு போய்வந்த உறவினர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள். பயணத்துக்கு முந்தைய நாள் அந்த நகராட்சியின் இணையதளத்தைப் பாருங்கள்.

“வரைபடம்தானே அந்த வழியைக் காட்டியது” என்பது எல்லோரும் சொல்லும் பதில். வரைபடம் காட்டியதை நகராட்சி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பலகை இருந்ததா, நீங்கள் கடந்தீர்களா, அவ்வளவுதான்.

அடுத்தது விடுதி. விடுதி வளையத்துக்குள் இருந்தால், பெட்டிகளை இறக்க உங்கள் கார் எண்ணை நகராட்சியில் பதிவு செய்ய பல நகரங்களில் விடுதிக்கு அனுமதி உண்டு. அது தானாக நடக்காது. எண்ணைக் கொடுத்து, பதிவு செய்தாயிற்று என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு நுழையுங்கள். அறை முன்பதிவு இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. கோவையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தது. ஆனால் வழியில் டயர் பழுதாகி, வாடகை நிறுவனம் வேறு கார் கொடுத்தது. புதிய எண்ணை விடுதிக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதிவில் பழைய எண், கேமராவில் புதிய எண். அவர்கள் தங்கிய நாள்களில் காலையிலும் மாலையிலும் அதே வாயிலைக் கடந்திருந்தார்கள். அந்த அக்கா படம் படமாக நோட்டீஸ்களை அனுப்பிய அன்று எனக்குப் பேச வாய் வரவில்லை. கார் மாறினால் எண் மாறும். மாறிய உடனே விடுதிக்குத் தெரியப்படுத்துங்கள்.

இதைவிட ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டி வாடகை நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் நகராட்சி முதலில் அவர்களிடம்தான் கேட்கும். ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் அவர்கள் கொடுப்பார்கள். அந்த வேலைக்கு உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து நிர்வாகக் கட்டணம் எடுப்பார்கள். அது வாடகை ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கார்டில் பணம் போனதைப் பார்த்து, அபராதம் கட்டி முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது அபராதம் இல்லை. உண்மையான நோட்டீஸ் பிறகுதான் வரும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அதை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள்கள் அவகாசம் தருகிறது. அபராதம் 80 யூரோவுக்கு மேலே தொடங்கும். அஞ்சல், நடைமுறைச் செலவுகள் தனி. வேறு வேறு நாளில், வேறு வேறு ஊரில் நுழைந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டீஸ். ஒரு குடும்பத்தின் விமான டிக்கெட் காசு இப்படிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் உள்ளே காரோடு போக வேண்டிய அவசியமே இல்லை. ஃபிளாரன்ஸுக்கு ஏ1 சாலையில் வருகிறவர்கள், நெடுஞ்சாலையை விட்டு வெளியேறாமலே வில்லா கோஸ்தான்சா என்ற நிறுத்துமிடத்தில் காரை விடலாம். அங்கிருந்தே டி1 டிராம் நகர மையத்துக்குப் போகிறது. பைசாவில் கோபுரத்துக்கு வடக்கே வியா பியத்ராசந்தினா நிறுத்துமிடம், நடக்கும் தூரம். சியன்னாவில் மலையடியில் காரை விட்டுவிட்டு நகரும் படிக்கட்டில் மேலே ஏறலாம். பழைய நகரங்களின் தெருக்கள் நடந்து பார்க்கக் கட்டப்பட்டவை. கையை வீசி நடந்து போங்கள்.

மிலானில் முறை வேறு. மையப் பகுதியான ‘ஏரியா சி’க்குள் திங்கள் முதல் வெள்ளி வரை நுழைய 7.50 யூரோ. மறுநாள் நள்ளிரவுக்குள் கட்ட வேண்டும். பழைய டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

கேமராவைக் கண்டதும் பிரேக் போடுவது

நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கி.மீ., மழை பெய்தால் 110. ‘டியூட்டர்’ என்று பலகை இருந்தால் இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்கிடுவார்கள். கேமராவின் அடியில் மட்டும் குறைத்துப் பயனில்லை.

பகலில் விளக்கை அணைத்து ஓட்டுவது

ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

பார்க்கிங் கோடுகளைப் பார்க்காமல் விடுவது

வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு காசு, மஞ்சள் கோட்டில் நிறுத்தாதீர்கள். வெள்ளைக் கோடாக இருந்தாலும் பக்கத்துப் பலகையைப் படியுங்கள். மணிக்கணக்குக் கட்டுப்பாடு இருந்தால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டையைக் கண்ணாடியில் வைக்க வேண்டும்.

பங்க்கில் எரிபொருளை மாற்றிப் போடுவது

‘பென்சினா’ பெட்ரோல். ‘கசோலியோ’ டீசல்.

குளிர்காலத்தில் சங்கிலி இல்லாமல் மலையேறுவது

நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல சாலைகளில் குளிர்கால டயர் அல்லது பனிச் சங்கிலி கட்டாயம். கார் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

நோட்டீஸ் வந்ததும் மேசை இழுப்பறையில் போடுவது

கடிதத்தில் கார் எண், இடம், தேதி, நேரம் ஆகியவற்றை உங்கள் பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கடிதத்தில் உள்ள இணைப்பைத் தட்டாமல், அந்த நகராட்சியின் இணையதளத்துக்கு நீங்களாகப் போய் நோட்டீஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கையில் கிடைத்த 5 நாள்களுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் குறையும். 60 நாள்களைத் தாண்டினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும், பிறகு வசூல் நிறுவனத்திடம் போகும். மேல்முறையீடு செய்ய உண்மையான காரணம் இருந்தால், உதாரணமாக விடுதியின் பதிவுச் சான்று கையில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். கட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

வங்கிப் பரிமாற்றம் போய்ச் சேர நாள் ஆகும் என்பதால் கார்டில் கட்டுவது நல்லது. ரசீதை 5 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். கட்டிய தொகைக்கே மறுபடியும் கடிதம் வந்தால், அந்த ரசீதின் நகலை அனுப்பினால்தான் கணக்கை முடிப்பார்கள்.