மாங்கூழ் விற்கக் குழுவாகப் போகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிய பானக் கம்பெனி ஒன்றைச் சந்திக்கப் போகும்போது எங்கள் கூட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுபவன் நான்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். எதிரில் கொள்முதல் அதிகாரியோடு தரக் கட்டுப்பாட்டுக்காரரும், புதுப் பானம் உருவாக்கும் ஆய்வுப் பிரிவினரும் உட்கார்ந்திருப்பார்கள். தரக் கட்டுப்பாட்டுக்காரர் புளிப்பு அளவைக் கேட்கும்போது விற்பனையாளர் மழுப்பினால், அதன் பிறகு நாம் சொல்லும் விலையையும் நம்பமாட்டார்கள்.

ஆகவே ஆய்வகப் பொறுப்பாளர், பழம் கொள்முதல் செய்பவர், சரக்கு அனுப்புபவர் மூவரும் வண்டியில் ஏற வேண்டும். பழம் வாங்குபவர்தான் தயங்குவார். "எனக்கு ஆங்கிலம் வராது, நான் எதற்கு சார்?" என்பார். பெங்களூரில் அவர் கன்னடத்திலேயே பேசலாம்; நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் கன்னடமும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு. பர்கூர்த் தோப்பில் காய் எப்படிப் பிடித்திருக்கிறது, காவேரிப்பட்டணம் பக்கம் எப்போது அறுவடை என்று அவர் சொல்வதைக் கேட்க அந்த அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போக வேண்டிய மாதம் மார்ச். பூ பிஞ்சாகிவிட்டதால் எவ்வளவு தர முடியும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மே மாதம் அரைவை தொடங்கிவிட்டால் ஆய்வகத்திலிருந்து ஒருவரையும் அசைக்க முடியாது.

மாதிரிக்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். கூழை மட்டும் கரண்டியில் எடுத்து நீட்டுவது போதாது. அவர்கள் விற்கப்போவது கூழை அல்ல, பானத்தை. நம் நாட்டு உணவு விதிப்படி மாம்பழப் பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழம் இருக்க வேண்டும். அந்த அளவில் நீரும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கி, குளிர வைத்து எடுத்துப் போங்கள். பெங்களூரா ரக மாங்கூழில் மட்டும் ஒன்று, மணத்துக்கும் நிறத்துக்கும் கொஞ்சம் அல்போன்சா சேர்த்து இன்னொன்று. நாம் பெங்களூரா என்பதை அவர்கள் தோத்தாபுரி என்பார்கள். தாளிலும் அப்படியே அச்சிடுங்கள். கூழின் இனிப்பை (கரைந்துள்ள சர்க்கரையை) அளக்கும் பிரிக்ஸ் மானியைக் கையோடு கொண்டுபோய் அவர்கள் முன்னாலேயே ஒரு சொட்டு வைத்துக் காட்டுங்கள். தோத்தாபுரிக்கு 14 பிரிக்ஸ், அல்போன்சாவுக்கு 16 பிரிக்ஸ் என்பதுதான் வழக்கமாகக் கேட்கப்படும் குறைந்த அளவு. மாதிரி எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்ததோ அதன் எண்ணும் ஆய்வறிக்கையின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். நல்லதைப் பொறுக்கி மாதிரி காட்டிவிட்டு வேறொன்றை அனுப்பும் ஆலைகளால்தான் ஊர் பேர் கெடுகிறது. எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு.

திரையில் காட்டும் படங்கள் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம்.

ஒத்திகையை இரண்டு நாள் முன்பே வையுங்கள். ஆலையில் கணக்குப் பார்க்கும், வாயாடத் தெரிந்த ஒருவரைக் கொள்முதல் அதிகாரியாக உட்கார வைத்துக் குடைந்து கேட்கச் சொல்லுங்கள். "ஆந்திராவின் சித்தூர் ஆலைகளில் இதைவிடக் குறைந்த விலைக்குத் தருகிறார்களே?" இது கட்டாயம் வரும். சித்தூரைக் குறை சொல்லக் கூடாது. நம் பழம் எந்தத் தோப்பிலிருந்து வருகிறது என்ற பதிவேட்டையும், பூச்சிமருந்து எச்ச அறிக்கையையும் முன்னால் வையுங்கள். "கார்பைடு வைத்துப் பழுக்க வைக்கிறீர்களா?" கார்பைடு தடை செய்யப்பட்டது, எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி, நம் பழுக்கவைக்கும் அறையின் அன்றாடப் பதிவைக் காட்டுவது ஆய்வகப் பொறுப்பாளரின் வேலை. "மாதம் 50 டன் முடியுமா?" சரக்கு அனுப்புபவர் யோசிக்காமல் சொல்ல வேண்டும்: 215 கிலோ பீப்பாய், 20 அடி கண்டெய்னருக்கு 80 பீப்பாய், அதாவது 17.2 டன், மூன்று கண்டெய்னர் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்பவர் பெயரைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மற்றவர்கள் அந்த நேரம் வாய் திறக்கக் கூடாது, முதலாளி உட்பட. விலையை ஒருவர் மட்டுமே பேச வேண்டும். ஆலை வாசல் விலையா, சென்னைத் துறைமுக விலையா என்பதையும் அவரே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும் வழியில் ஓசூர் தாண்டுவதற்குள், அவர்கள் கேட்டு நாம் பதில் தராதவற்றை வண்டியிலேயே எழுதுங்கள். மறுநாள் காலை அந்தப் பதில்களோடு, ஜூன் மாதம் அரைவை ஓடும்போது ஆலையைப் பார்க்க வர இரண்டு தேதிகளையும் குறித்து மின்னஞ்சல் அனுப்புங்கள்.