ரிசர்விஸ்ட் அழைப்பு வந்துவிட்டது, போக முடியாது: டெஃபர்மென்ட் கேட்பது எப்படி

சிங்கப்பூரில் முழுநேர தேசிய சேவை முடித்தவர்களை ராணுவம் திரும்ப அழைக்கும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு "வர மாட்டேன்" என்று சொல்ல வழியில்லை. "இந்தத் தடவை விடுங்கள், அடுத்த தடவை வருகிறேன்" என்று கேட்க மட்டும் வழி உண்டு. அதற்குப் பெயர் டெஃபர்மென்ட். மனசாட்சி காரணமாக ஆயுதம் ஏந்த மாட்டேன் என்பதையும் இங்கே சட்டம் ஏற்பதில்லை. யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் அதற்காக உள்ளே போய்வருவது நாம் அறிந்ததுதான். அதனால் கொள்கை விளக்கமெல்லாம் விண்ணப்பத்தில் வேண்டாம், தம்பி. தேதியும் சான்றும்தான் அங்கே பேசும்.

என் இரண்டு வருட முழுநேர சேவையில் பெரும்பகுதி ஒரு பட்டாலியனின் எஸ்-ஒன், அதாவது ஆள்நிர்வாக அலுவலகத்தில் கழிந்தது. துப்பாக்கியைவிட ஸ்டேப்ளரை அதிகம் பிடித்தவன் நான். ரிசர்விஸ்ட் அண்ணன்மார் அனுப்பும் டெஃபர்மென்ட் விண்ணப்பங்களைச் சரிபார்த்து, விடுபட்ட தாளைக் கேட்டு வாங்கி, சி.ஓ. (பட்டாலியனின் கட்டளை அதிகாரி) பார்வைக்கு அனுப்புவது என் வேலை. இப்போது நானே ரிசர்விஸ்ட். எந்தக் கடிதம் நின்றது, எது விழுந்தது என்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அழைப்பு எஸ்ஏஎஃப் 100 என்ற அறிவிப்பாக வரும். பெரும்பாலும் சில மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். வந்த அன்றைக்கே திறந்து பாருங்கள். தேதி, முகாம், எந்த வகைப் பயிற்சி, மூன்றையும் குறித்துக்கொண்டு உங்கள் காலண்டரோடு ஒப்பிடுங்கள். மோதல் இருந்தால் அந்த வாரமே ஒன்என்எஸ் என்ற தேசிய சேவை இணையதளத்தில் சிங்பாஸ் (அரசு மின்னடையாளக் கணக்கு) வழியாக நுழைந்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பயிற்சிக்கு முந்தின வாரம் வந்து விழும் விண்ணப்பத்தை யாரும் அன்போடு பார்க்க மாட்டார்கள். அதற்குள் ஆள்கணக்கு, வண்டி, ரேஷன், ஆயுதப் பட்டியல் எல்லாம் போட்டு முடித்திருப்பார்கள். நாலு மாதம் முன்னால் கேட்டால் அதே சி.ஓ. சாதாரணமாகச் சரி சொல்லிவிடுவார்.

எந்தக் காரணம் எடுபடும்? தேர்வு, திருமணம், மனைவியின் பிரசவம், வெளிநாட்டு வேலை அல்லது படிப்பு, புதிதாகச் சேர்ந்த வேலை, தவிர்க்க முடியாத அலுவலகப் பொறுப்பு. இவற்றைத் துணிந்து எழுதலாம். எடுபடாதவற்றில் முதலிடம், அழைப்பு வந்த பிறகு வாங்கிய விமான டிக்கெட்டுக்கு. டிக்கெட்டில் வாங்கிய தேதி அச்சாகியிருக்கும் என்பதை ஏனோ எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். "சம்பளம் போய்விடும்" என்பதும் நிற்காது, ஏனென்றால் அதற்குத்தான் பயிற்சி நாட்களில் இழந்த வருமானத்தை ஈடுகட்டும் மேக்-அப் பே இருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்களும் வருமானச் சான்று காட்டி அதைக் கேட்கலாம். "கம்பெனியில் விட மாட்டேன் என்கிறார்கள்" என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். தேசிய சேவைக்கு விடுப்புத் தருவது முதலாளியின் சட்டக் கடமை. அப்படி எழுதினால் மாட்டுவது நீங்கள் இல்லை, உங்கள் பாஸ்.

அலுவலகக் கடிதம்தான் பெரும்பாலும் சொதப்பும் இடம். மனிதவளப் பிரிவிடம் சொன்னால் "இவர் எங்கள் நிறுவனத்தின் மதிப்புமிக்க ஊழியர்" என்று ஒரு பக்கம் எழுதித் தருவார்கள். அது சி.ஓ.வுக்கு எதற்கு? அவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: அந்த நாட்களில் இந்த வேலையை வேறு யாரும் செய்ய முடியாதா? அதற்குப் பதில் சொல்லும் கடிதம் இப்படி இருக்கும். "மார்ச் 9 முதல் 20 வரை எங்கள் கிடங்கு புதிய மென்பொருளுக்கு மாறுகிறது. இந்தத் தேதி போன ஆண்டே முடிவானது. அதைத் தெரிந்த இருவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார், மற்றவர் இவர். ஏப்ரலுக்குப் பிறகு எந்த மாதமும் இவரை அனுப்பத் தயார்." கடைசி வரியைக் கவனியுங்கள். எப்போது வர முடியும் என்று நீங்களாகவே சொல்லிவிட்டால், தப்பிக்கப் பார்க்கிறான் என்ற சந்தேகம் பாதி போய்விடும். கையெழுத்துப் போடுபவர் உங்கள் நேரடி மேலாளராக இருக்கட்டும். அவருடைய தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள், நானே கூப்பிட்டிருக்கிறேன்.

நம் ஆட்களுக்கென்று ஒரு விஷயம். கல்யாணம் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ நடக்கும், முகூர்த்தம் ஜோசியர் குறித்தது, நகராது. பத்திரிகையை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், அதில் "தை மாதம் 15ஆம் நாள்" என்பது மட்டும் பளிச்சென்று தெரியும், ஆங்கிலத் தேதி எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் பிழைத்தார்கள். எந்த முகாமிலும் இப்படி ஒருவன் இருப்பான் என்று நம்பாதீர்கள். ஆங்கிலத் தேதி, மண்டபம் பதிவு செய்த ரசீது, உங்களுக்கும் மணப்பெண்ணுக்கும் உள்ள பயண ஏற்பாடு, இவற்றைச் சேர்த்து வையுங்கள். தம்பியின் கல்யாணம், அத்தை மகளின் கல்யாணம் என்றால் பயிற்சி முழுவதையும் தள்ளச் சொல்லாமல், டைம்-ஆஃப் கேளுங்கள். ஒரு நாளோ சில மணி நேரமோ வெளியே போய்வரத் தருவது சி.ஓ.வின் கையில் இருக்கிறது. ஒரே ஒரு தேர்வுத் தாள் இடையில் வந்தாலும், தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்தாலும் இதுவே சரியான வழி. சின்னதாகக் கேட்பவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

உடல்நலம் தனிக் கதை. முதுகு, முட்டி என்று நீண்டநாள் பிரச்சினை இருந்தால் அதை டெஃபர்மென்ட்டுக்குள் திணிக்காதீர்கள். சிறப்பு மருத்துவரின் அறிக்கையோடு ராணுவ மருத்துவ அதிகாரியைப் பாருங்கள். உங்கள் பெஸ் என்ற மருத்துவத் தகுதித் தரநிலையை மறுபரிசீலனை செய்யும் பாதை அது. பயிற்சி தொடங்கும் அன்று காய்ச்சல் என்றால் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கி, அன்று காலையிலேயே யூனிட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இறப்பு என்றால் இணையத்தில் படிவம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், நேராக யூனிட்டுக்குத் தொலைபேசுங்கள். காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

விண்ணப்பம் போட்டாயிற்று என்பதால் விடுமுறை கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். "பரிசீலனையில்" என்று திரையில் இருக்கும்வரை நீங்கள் போகவேண்டியவர்தான். பதில் வராமலே பயிற்சி நாள் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். போகாமல் இருந்தால் அனுமதியின்றி வராதவர் என்று சார்ஜ் செய்வார்கள். அபராதத்தோடு விடலாம், கிராஞ்சி தடுப்பு முகாமுக்கும் அனுப்பலாம். தேசிய சேவைக்கான என்லிஸ்ட்மென்ட் சட்டத்திலோ 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டு வாரமாகியும் பதில் இல்லையென்றால் யூனிட்டைக் கூப்பிட்டு நினைவூட்டுங்கள். கிளார்க்கிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவன் பத்தொன்பது, இருபது வயதுப் பையன், உங்கள் தாளை மேலே வைப்பதும் அடியில் வைப்பதும் அவன்தான்.

என்னைக் கேட்டால், ஒரு தடவைக்கு மேல் டெஃபர் கேட்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சிச் சுழற்சி பத்து ஆண்டு, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள். தள்ளிப்போட்ட பயிற்சி கழிந்துவிடுவதில்லை, வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. கூடவே ஓடிய பிளட்டூன் நண்பர்கள் முடித்துவிட்டுப் போன பிறகு, முகம் தெரியாத கூட்டத்தில் தனியாக மூட்டை சுமப்பது நன்றாக இருக்காது. என் பழைய செக்‌ஷன் தோழன் ஒருவன் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறான்.

நிராகரித்துவிட்டால்? அதே கடிதத்தைக் கொஞ்சம் சோகமாக்கித் திரும்ப அனுப்புவதில் பயனில்லை. புதிய சான்று இருந்தால் மட்டும் மேல்முறையீடு செய்யுங்கள்: கிடைக்காத மருத்துவச் சான்று இப்போது கிடைத்தது, தேர்வுக் கால அட்டவணை இப்போதுதான் வந்தது, இப்படி. இல்லையென்றால் டைம்-ஆஃப் கேட்டுப் பாருங்கள். ஒப்புதல் கிடைத்தால் அந்தத் திரையைச் சேமித்து வைத்துக்கொண்டு, உங்கள் பிளட்டூன் கமாண்டருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் காலை எண்ணிக்கையில் ஆள் குறைகிறதென்று உங்கள் போன்தான் முதலில் அடிக்கும்.