ஸ்போர்ட்ஸ் காருக்குப் பேர் தெரியாத டயர்: வாங்கலாமா, வேண்டாமா?

டயர் மாட்டுவது, பேலன்ஸ் போடுவது, அலைன்மென்ட் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: “பெரிய கம்பெனி டயர் ரெண்டு வாங்குற காசுல இது நாலு வருதே, போட்டுக்கலாமா?” கடைக்காரன் எப்படியும் விலை கூடினதைத்தான் தலையில் கட்டுவான் என்ற சந்தேகம் அந்தக் குரலிலேயே இருக்கும். நியாயமான சந்தேகம்தான். அதனால் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மழையில் ஓட்டுவீர்களா என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

காய்ந்த ரோட்டில் புது டயர் எதுவானாலும் ஓரளவு பிடிக்கும். வண்டவாளம் தண்டவாளம் ஏறுவது ஈர ரோட்டில்தான். ஒரு சின்னக் கணக்கு. ஈரத்தில் ஒரு டயரின் உராய்வுக் குணகம், அதாவது ரோட்டைப் பிடிக்கும் அளவு, 0.8, இன்னொன்றுடையது 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இரண்டு வண்டியும் ஒரே இடத்தில் முழு பிரேக் அடிக்கின்றன. முதல் வண்டி 31 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். இரண்டாவதற்கு 42 மீட்டர் வேண்டும். பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி நின்ற அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது வண்டி இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ், வண்டி சுழலாமல் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிற பிடிமானத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை, இல்லாததை உண்டாக்க அவற்றால் முடியாது.

விலை வித்தியாசம் பெரும்பாலும் ரப்பர் கலவையில்தான் இருக்கிறது. டயரில் ரோட்டைத் தொடும் பகுதியான பட்டனின் டிசைனைப் பார்த்து அப்படியே அச்சு வார்த்துவிடலாம். ஈரத்திலும் பிடித்து, சூட்டிலும் குழையாமல், சீக்கிரம் தேயாமலும் இருக்கிற கலவையை அப்படிக் காப்பியடிக்க முடியாது. அதனால் படத்தைப் பார்த்து “அதே மாதிரிதான் இருக்கு” என்று முடிவெடுக்காதீர்கள்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் உங்கள் வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கதவோரத்து ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் பாருங்கள். 225/40 ஆர்18 92ஒய் என்று இருந்தால், 225/40 ஆர்18 என்பது டயரின் அளவு (18 என்பது ரிம்மின் அங்குலம்), 92 என்பது ஒரு டயர் 630 கிலோ தாங்கும் என்ற கணக்கு. ஒய் என்பது மணிக்கு 300 கிலோமீட்டர் வரை. அதே அளவில் 88 போட்ட டயரும் உண்டு, அது 560 கிலோதான் தாங்கும். அளவு பொருந்துகிறது என்று அதை வாங்கிவிடக் கூடாது. நான் அவ்வளவு வேகம் போகவே மாட்டேனே, வேக எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக அந்த எழுத்து உயர உயர, சூட்டையும் வேகத்தையும் தாங்கும்படி உள்கட்டமைப்பு உறுதியாக இருக்கும். எழுத்தில் கீழே இறங்காதீர்கள்.

அடுத்து ஐரோப்பிய லேபிள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை, அந்த மாடல் ஐரோப்பாவில் விற்கப்பட்டால் அதன் லேபிள் ஈப்ரெல் (EPREL) என்ற பொதுத் தரவுத்தளத்தில் கிடைக்கும். 2021 மே முதல் ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் ஈ வரை ஐந்து தரம். தயாரிப்பாளரே அறிவிக்கும் தரம்தான். ஆனாலும் தன் டயர் சி அல்லது டி என்று அவரே ஒப்புக்கொள்ளும்போது நாம் ஏன் மறுக்க வேண்டும்? ஸ்போர்ட்ஸ் காருக்கு பி-க்குக் கீழே நான் மாட்டச் சொல்வதில்லை. ஏ என்று போட்டிருந்தாலும் அது நேர்க்கோட்டில் பிரேக் அடித்த கதை மட்டும்தான். வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் மிதக்குமா என்பதெல்லாம் அதில் வராது. அதற்கு ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம், ஆட்டோ பில்ட் பத்திரிகை போன்றவர்கள் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனைகளைத் தேடிப் பாருங்கள். நட்சத்திரங்களை விடுங்கள், ஈரத்தில் எத்தனை மீட்டரில் நின்றது என்ற ஒரு வரியைப் பாருங்கள். எந்தச் சோதனையிலும் அந்த டயரின் பேரே இல்லையென்றால், சோதனை செய்யப்போவது நீங்கள்தான்.

டிரெட்வேர் என்று பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும் என்று அர்த்தம். அதுவும் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300 என்று போட்டுக்கொள்கிறது. 500 என்று போட்டுவிட்டு, மேலே ‘ரேசிங்’ என்றும் அச்சடித்திருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

பணம் இடிக்கிறது என்றால் நடுவழி இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் இரண்டாம் வரிசைப் பிராண்டுகளைப் பாருங்கள்: பிரிட்ஜ்ஸ்டோனுக்கு ஃபயர்ஸ்டோன், ஹான்கூக்குக்கு லாஃபென், கான்டினென்டலுக்கு செம்பெரிட், மிஷெலினுக்கு க்ளெபர். மேல் வரிசைக் கலவையே இதிலும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், ஆனால் விவரம் கிடைக்கும், கேட்க ஆள் இருக்கும். எனக்குப் பிடித்த இன்னொரு வழி, ரிம்மை ஒரு அங்குலம் குறைப்பது. 225/40 ஆர்18-க்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டத்தில் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. 17-இல் நல்ல டயரே பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும், பள்ளத்தில் ரிம்மும் தப்பிக்கும். பிரேக் காலிப்பர் இடிக்காமல் உள்ளே அடங்குகிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அழகு குறையும் என்பார்கள். குறையும்தான்.

மலிவு டயர் தப்பில்லாத இடங்களும் உண்டு. வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான், மழையில் வெளியே எடுப்பதே இல்லை, ஊருக்குள் மெதுவாக ஓட்டுவதுதான் என்றால் போடலாம். மூடிய மைதானத்தில் டிரிஃப்ட் அடித்துப் பின் டயரைப் புகைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், விலை கூடினதை வாங்குவதுதான் முட்டாள்தனம். விற்கப்போகிற வண்டிக்குப் போடலாமா என்றும் கேட்பார்கள். அப்படியொரு வண்டியில் பேர் தெரியாத புது டயரைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது, இவர் எஞ்சின் ஆயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றியிருப்பார் என்ற யோசனைதான்.

முன்னால் இரண்டு நல்லது, பின்னால் இரண்டு மலிவு என்ற சமரசம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஈர வளைவில் பின்பக்கம் முதலில் வழுக்கினால் வண்டி அப்படியே சுழலும், பழகிய கைக்கே அதைத் திருப்புவது கஷ்டம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இன்னும் சிக்கல். சுற்றளவு பொருந்தாத டயர்கள் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைச் சூடாக்கிக் கெடுக்கும்.

வாங்குவது என்று முடிவானால், மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் தயாரித்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். நாள்பட்ட சரக்கு என்றால் திருப்பிவிடுங்கள். பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். பேலன்சிங் மெஷினில் சுற்றும்போது பட்டன் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். முனைக்கும் ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் டயர் வட்டம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை நெருங்கி விலகினால் எவ்வளவு வெயிட் ஒட்டினாலும் ஸ்டியரிங் நடுங்கும். மெஷின் ஒரு பக்கத்துக்கே 80, 100 கிராம் கேட்டால் காற்றை இறக்கி, ரிம்மில் டயரைப் பாதிச் சுற்று திருப்பி மாட்டி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அதே எண் வந்து, வெயிட் கேட்கும் இடமும் டயரோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் அந்த டயர் வேண்டாம். ரோட்டில் ஓடாத டயரை மாற்றித் தருவார்களா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், புது ரப்பரின் மேல்பூச்சு வழுக்கும். பிறகு மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், ஆளில்லாத விசாலமான இடத்தில் 40-இல் ஒரு முறை, 60-இல் ஒரு முறை முழு பிரேக் அடித்துப் பாருங்கள். வண்டி நேராக நிற்கிறதா, ஏபிஎஸ் எவ்வளவு சீக்கிரம் துடிக்கிறது என்பது காலுக்கே தெரியும். பழைய நல்ல டயரில் அது எப்போது துடிக்கும் என்று மாற்றுவதற்கு முன்பே ஒருமுறை பார்த்து வைத்திருந்தால் ஒப்பிடச் சுலபம்.