விஎம்மை கோரோடு கட்டிப்போடுவது எப்படி? பலன் கிடைத்ததா என்று அளப்பது எப்படி?

ஒரு விஎம்முக்கு (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினி) நான்கு விசிபியூ (மெய்நிகர் சிபியூ) கொடுத்தால், ப்ராசஸரில் நான்கு கோர்கள் அதற்கே ஒதுக்கப்பட்டுவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. லினக்ஸில் கேவிஎம் (விஎம் ஓட்டுவதற்கான கெர்னல் வசதி) மூலம் ஓடும் விஎம்மில் ஒவ்வொரு விசிபியூவும் கியூஎமு (விஎம்மை இயக்கும் நிரல்) ப்ராசஸின் ஒரு த்ரெட், அவ்வளவுதான். மற்ற த்ரெட்களைப் போலவே அதையும் ஷெட்யூலர் (எந்த த்ரெட் எந்தக் கோரில் ஓடும் என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதி) கோர் விட்டு கோர் மாற்றிக்கொண்டே இருக்கும். மாறும்போது எல்1, எல்2 கேஷில் (கோரோடு ஒட்டிய வேக நினைவகம்) சேர்ந்திருந்த தரவு பழைய கோரிலேயே தங்கிவிடும். புது இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும். இந்த அலைச்சலை நிறுத்தத்தான் பின்னிங், அதாவது ஒவ்வொரு விசிபியூவையும் ஒரு குறிப்பிட்ட கோரோடு கட்டிப்போடுவது.

லிப்விர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் கருவி) நிறுவிய லினக்ஸ் ஹோஸ்டையும் (விஎம் ஓடும் உண்மைக் கணினி), 'சோதனை' என்ற பெயரில் நான்கு விசிபியூ கொண்ட விஎம்மையும் வைத்துக்கொள்வோம். கட்டளைகளை டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. முதலில் அளவெடுங்கள்

எதையும் தொடும் முன் இப்போதைய நிலையைக் குறித்து வையுங்கள். ஹோஸ்டில் சிபியூ கவர்னரை (கிளாக் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கிளாக் வேகம் ஏறி இறங்குவதையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

பிறகு விஎம்முக்குள் சிஸ்பெஞ்ச் சிபியூ சோதனையை 4 த்ரெட், 60 விநாடி என்று ஐந்து முறை ஓட்டுங்கள். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அது பகா எண்களைக் கணக்கிடும் சோதனை. அதன் தரவு கேஷுக்குள் சுலபமாக அடங்கிவிடும். ஹோஸ்ட் சும்மா இருக்கும்போது பின் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்.

உண்மை தெரிய வேண்டுமானால் ஹோஸ்டில் ஸ்ட்ரெஸ்-என்ஜி மூலம் எல்லா கோருக்கும் சுமை கொடுத்துவிட்டு, விஎம்முக்குள் சைக்ளிக்டெஸ்ட் ஓட்ட வேண்டும். குறித்த நேரத்தில் விழிக்க வேண்டிய த்ரெட் எவ்வளவு தாமதமாக விழிக்கிறது என்பதை அது மைக்ரோவிநாடியில் மினிமம், ஆவரேஜ், மேக்ஸ் என்று காட்டும். பார்க்க வேண்டியது மேக்ஸை. சராசரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கூடவே விஎம்மின் டாப் திரையில் 'எஸ்டி' என்ற எண்ணையும் கவனியுங்கள். விசிபியூ ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் கோரைத் தராத நேரத்தின் சதவீதம் அது.

2. எந்த கோர் எது என்று பாருங்கள்

ஹோஸ்டில் 'எல்எஸ்சிபியூ -ஈ' என்று தட்டுங்கள். சிபியூ, நோட், கோர் என்று பத்திகள் வரும். 8 கோர், 16 த்ரெட் (இங்கே ஒரு கோருக்குள் இரண்டு வன்பொருள் த்ரெட்) உள்ள ப்ராசஸரில் சிபியூ 2-ம் 10-ம் ஒரே கோரின் இரண்டு த்ரெட்களாக இருக்கலாம். வேறொன்றில் 2-ம் 3-ம் ஜோடியாக இருக்கும். ஊகிக்காதீர்கள், கோர் பத்தியைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் நூமா நோட் (தனக்கென அருகிலேயே மெமரி கொண்ட கோர்களின் தொகுதி) இருந்தால் விசிபியூக்களையும் விஎம்மின் மெமரியையும் ஒரே நோடுக்குள் வையுங்கள்.

3. பின் செய்யுங்கள்

2-10, 3-11 ஜோடிகள் என்றால், லிப்விர்ட்டின் 'விர்ஷ்' கட்டளையால்:

விர்ஷ் விசிபியூபின் சோதனை 0 2 --லைவ் --கான்ஃபிக்
விர்ஷ் விசிபியூபின் சோதனை 1 10 --லைவ் --கான்ஃபிக்
விர்ஷ் விசிபியூபின் சோதனை 2 3 --லைவ் --கான்ஃபிக்
விர்ஷ் விசிபியூபின் சோதனை 3 11 --லைவ் --கான்ஃபிக்

முதல் எண் விசிபியூ, இரண்டாவது ஹோஸ்டின் சிபியூ. 'லைவ்' இப்போதே அமலாக்கும். 'கான்ஃபிக்' விஎம்மை நிறுத்தித் தொடங்கினாலும் நிலைக்க வைக்கும். கியூஎமுவின் மற்ற வேலைகளை 'எமுலேட்டர்பின்' கட்டளையால் 0, 1, 8, 9-க்கு அனுப்பிவிடுங்கள்.

4. மற்றவர்களை வெளியேற்றுங்கள்

பெரும்பாலோர் மூன்றாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்னிங் உங்கள் விஎம்மை ஒரு கோருக்குள் அடைக்கிறதே தவிர, அந்தக் கோருக்குள் மற்றவர்கள் வருவதைத் தடுப்பதில்லை. இப்போது அதே சுமைச் சோதனையை ஓட்டினால் மேக்ஸ் முன்பைவிட மோசமாகக்கூட வரலாம். முன்பு நெரிசலைக் கண்டால் த்ரெட் வேறு கோருக்கு நகர்ந்துவிடும். இப்போது அதற்கு வழியில்லை.

அதனால் இந்த கோர்களைப் பொது வேலைகளிலிருந்து பிரித்துவைக்க, க்ரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) அமைப்பில் கெர்னல் வரியோடு 'ஐசோல்சிபியூஸ்=2,3,10,11' என்று சேர்த்து, க்ரப்பைப் புதுப்பித்து, ஹோஸ்டை ரீபூட் செய்யுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. பிரித்துவைத்த கோர்களுக்கிடையே ஷெட்யூலர் சுமையைப் பங்கிடாது. '2,3,10,11' என்று மொத்தப் பட்டியலை எல்லா விசிபியூவுக்கும் கொடுத்தால் நான்கும் ஒரே கோரில் குவிந்து கிடக்கலாம். ஒன்றுக்கு ஒன்று என்றுதான் பின் செய்ய வேண்டும்.

5. மறுபடி அளவெடுங்கள்

அதே சுமை, அதே நேரம், அதே ஐந்து முறை. கூடவே ஹோஸ்டில் 'பெர்ஃப் ஸ்டாட்' மூலம் விசிபியூ த்ரெட்களின் 'சிபியூ-மைக்ரேஷன்ஸ்' (த்ரெட் சிபியூ மாறிய தடவைகள்) எண்ணையும் எடுங்கள். பின்னிங் சரியாக அமைந்திருந்தால் அது சுழியமாக இருக்கும். இல்லையென்றால் 'விர்ஷ் விசிபியூபின் சோதனை' என்று மட்டும் தட்டி, எது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மேக்ஸ் இறங்கவில்லையா? அப்படியானால் பின்னிங்கால் உங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. நான்கு சிபியூக்களைச் சும்மா பூட்டி வைக்க வேண்டாம். ஒவ்வொரு விசிபியூவுக்கும் எண்ணின் இடத்தில் 'ஆர்' என்று கொடுத்தால் பின் கழன்றுவிடும். அப்புறம் க்ரப்பில் சேர்த்ததையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.