மூப்பின் வேகத்தைக் குறைப்பது எப்படி? நாற்காலியிலிருந்து தொடங்கும் செய்முறை

உடல் ஏன் மூப்படைகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைத் தள்ளிப்போட முயல்பவர்கள், மாத்திரைக்கும் முகப்பூச்சுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, காசே தேவைப்படாத வேலைகளைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே காரணத்தைப் பார்த்துவிட்டுச் செய்முறைக்குப் போவோம்.

நம் செல்களில் சேதம் ஏற்படாத நாளே கிடையாது. டிஎன்ஏ உடைகிறது, புரதங்கள் உருக்குலைகின்றன, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. இவை குழந்தையின் உடலிலும் நடப்பவைதான். ஆனால் அங்கே பழுதுபார்க்கும் வேலை சேதத்துக்கு ஈடுகொடுக்கிறது, வயது ஏற ஏற அந்த வேலை பின்தங்கிவிடுகிறது. மனிதச் செல்கள் ஆய்வகத்தில் சுமார் 40 முதல் 60 முறை வரைதான் பிரிகின்றன என்று 1961இல் லியோனார்ட் ஹேஃப்லிக் கண்டறிந்தார். கயிற்றின் நுனி பிரிந்துவிடாமலிருக்கப் போடும் முடிச்சைப் போல, டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோமின் முனையைக் காக்கும் டெலோமியர், செல் பிரியும்போதெல்லாம் சற்றே குறுகுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். டெலோமியர் எவ்வாறு குரோமோசோமைக் காக்கிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரிவதை நிறுத்திய செல்களில் சில அழியாமல் தங்கி, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன.

பிறந்த தேதியை மாற்ற முடியாது. சேதத்தைக் குறைக்கவும் உடலின் பழுதுபார்க்கும் திறனுக்கு வேலை கொடுக்கவும் முடியும். கீழுள்ள படிகள் அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்பவையே.

படி 1: இன்றைய நிலையை அளந்துகொள்ளுங்கள்

கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுவில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நின்று அமர்கிறீர்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தேதியோடு குறித்துவையுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் உள்ள ஆண் 14க்கும், பெண் 12க்கும் குறைவாக எழுந்தால், அது சராசரிக்குக் கீழான நிலை. முதல் முறை செய்தபோதுதான், எழும்போது தொடையில் கையை ஊன்றும் பழக்கம் எனக்கு எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பது தெரிந்தது. தலைசுற்றலோ மார்வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

படி 2: தசையைக் காப்பாற்றுங்கள்

என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படி இது. முப்பது வயதைத் தாண்டியபின் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது; கவனிக்காமல் விட்டால் எழுவதும் படியேறுவதும் விழாமல் நிற்பதும் ஒவ்வொன்றாகக் கடினமாகும். சோதனைக்குப் பயன்பட்ட அதே நாற்காலியே பயிற்சிக்கும் போதும். எழும்போது இயல்பான வேகத்தில் எழுந்து, அமரும்போது மட்டும் மனத்துக்குள் நான்கு எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள், ஏனெனில் அந்த மெதுவான இறக்கத்திலும் தசைக்கு நல்ல வேலை இருக்கிறது. இப்படி 8 முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மீண்டும் 8 முறை. வாரத்தில் இரண்டு நாள், இடையே ஒரு நாளாவது இடைவெளி விட்டு. எளிதாகிவிட்டால், கனமான பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பயனில்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி: 1990இல் வெளியான ஓர் ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்ததில், அவர்களின் கால் வலிமை இரு மடங்குக்கும் மேலானது.

பயிற்சி செய்தும் உணவில் புரதம் போதவில்லையென்றால் தசை வளராது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 3: மூச்சு வாங்க நடங்கள்

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

படி 4: சேதத்தின் வாசல்களை மூடுங்கள்

மேற்கையின் உட்புறத் தோலையும் புறங்கைத் தோலையும் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றுதான். சுருக்கத்திலும் புள்ளிகளிலும் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைத்ததால் வந்தது. முழுக்கை உடையும் தொப்பியும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் இதற்குப் போதும்.

புகைப்பதை நிறுத்துவது இதைவிடப் பெரிய லாபம். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின்படி, 40 வயதில் நிறுத்தியவர்களுக்கு ஏறத்தாழ 9 ஆண்டும், 60 வயதில் நிறுத்தியவர்களுக்குக்கூட ஏறத்தாழ 3 ஆண்டும் ஆயுள் கூடியது. ஏழு மணிநேரத் தூக்கமும் கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தமும் பட்டியலில் சேரும். சலிப்பூட்டும் அறிவுரைதான், ஆனாலும் விட முடியாது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு (ஆன்டிஆக்சிடன்ட்) மாத்திரைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்லாந்தில் புகைப்பவர்களுக்கு அவ்வகையைச் சேர்ந்த பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக அதிகரித்ததாக 1994இல் முடிவு வெளிவந்தது.

படி 5: மீண்டும் அளவிடுங்கள்

எட்டு வாரம் கழித்து, அதே நாற்காலியில், அதே நேரத்தில், அதே 30 விநாடிச் சோதனையைச் செய்து புதிய எண்ணிக்கையைப் பழையதற்குக் கீழே எழுதுங்கள். கூடியிருந்தால் பையின் எடையைக் கூட்டலாம். கூடவில்லையென்றால், இறங்கும்போது நான்கு எண்ணினீர்களா என்பதை முதலில் சரிபாருங்கள்.